நாலடிக் காசோலை

"நாளைக்கு அந்த நெத்திப் பொட்ட மட்டும் எடுத்துப்போட்டுட்டு வாங்கம்மா" என்று இசக்கித்துரை சொன்னபோது, காப்பித் தம்ளரை நீட்டிய கனகலட்சுமியின் கை நீட்டியபடியே நின்றது.

"சின்ன ஸ்டிக்கர் பொட்டுதான அண்ணாச்சி."

"சின்னதுதான். ஆனா போட்டோவுல அதுல்லா முதல்ல தெரியுது! போன வருசம் நன்கொடை தர மெட்ராஸ்லேருந்து வந்த டோனர் ஒருத்தர் கேக்காரு, 'இந்தம்மாவுக்கு வீட்டுக்காரர் இருக்காரா'ன்னு. நான் என்ன பதில் சொல்ல? பூவும் வேண்டாம். அந்த ஊதாக் கலர் சேல வேண்டாம். வெளுப்பா ஒண்ணு கட்டிட்டு வாங்க. உங்க நல்லதுக்குத்தான் சொல்லுதேன்."

கனகலட்சுமிக்கு அவரை எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை. ஆறு வருஷமாக அவள் அவருடைய அறக்கட்டளை விழா மேடையில் ஏறி நின்று கும்பிட்டு இறங்குகிறாள். ஆறு வருஷத்தில் ஆறு எவர்சில்வர் குடம், ஆறு சேலை, ஆறு சால்வை, ஆறு பிரியாணிப் பொட்டலம் வாங்கியிருக்கிறாள். வாங்கிய வாய் எப்படிப் பேசும்?

இசக்கித்துரைக்கு ராணுவத்தின் மேல் அளவு கடந்த பற்று. இளவயதில் ஆளெடுப்புக்குப் போய், நெஞ்சளவு இரண்டு அங்குலம் பத்தாமல் திரும்பி வந்தவர். அந்தக் குறையைப் பிற்காலத்தில் வயிறு ஈடுகட்டிவிட்டது. மனைத் தரகில் நாலு காசு பார்த்த பிறகு, நாட்டுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்ற தாகம் அவரைப் பிடித்தது. 'எல்லைச்சுடர் படைவீரர் குடும்ப நல அறக்கட்டளை' பிறந்தது. தலைவர், செயலாளர் இரண்டு பொறுப்பையும் அவரே சுமந்தார். பொருளாளர் சுமையை மனைவி முத்துமணியின் தலையில் வைத்தார். வெளியாளைச் சிரமப்படுத்த அவருக்கு மனசு வரவில்லை.

அறக்கட்டளைக்கு ஒரு வீரர் தேவைப்பட்டார். சங்கரன்கோவிலில், புளியங்குடி ரோட்டுப் பக்கம் ஒரு சந்தில் அவர் கிடைத்தார். கனகலட்சுமியின் புருஷன், ராணுவத்தில் நாயக் பதவியில் இருந்த மாரிக்கண்ணன். ஒன்பது வருஷத்துக்கு முன் ஆடித்தபசு பார்க்க லீவில் வந்தவன், ராஜபாளையம் ரோட்டில் பைக்கில் போகும்போது மணல் லாரி மோதிச் செத்துப்போனான்.

முதல் வருஷ நோட்டீஸைப் பார்த்தபோது கனகலட்சுமிக்குத் தூக்கிவாரிப்போட்டது. மாரிக்கண்ணனுக்குப் பின்னால் பனிமலை. மேலே 'எல்லையில் இன்னுயிர் ஈந்த மாவீரர்' என்று கொட்டை எழுத்து. அவளுக்குத் தெரிந்து அவன் பத்து வருஷமும் ஜபல்பூரில் ஸ்டோர் கணக்கு எழுதியவன்.

"அண்ணாச்சி, அவுக லாரியில அடிபட்டுல்லா செத்துப்போனாவ?"

"எங்க வச்சும்மா?"

"நகராட்சி வளைவு தாண்டி."

"அப்ப ஊர் எல்லையிலதான? நான் எல்லைன்னுதான் போட்டிருக்கேன். எந்த எல்லைன்னா போட்டிருக்கேன்?" என்றார் இசக்கித்துரை. பொய் சொல்லாதவர் அவர்.

தெருக்காரர்கள் நோட்டீஸை வாசித்துவிட்டு அவளைப் பார்த்த பார்வையை அவள் ரொம்ப நாள் மறக்கவில்லை. ஆனால் அப்போது மாமனாருக்கு வாரம் இரண்டு தடவை டயாலிசிஸ். பென்ஷன் வந்தது, இல்லையென்று சொல்லக்கூடாது. வந்த வேகத்தில் ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக் கடனுக்கும் போனது. மிச்சச் செலவுக்கு அவள் விசைத்தறிக் கூடத்தில் நூல் சுற்றப் போனாள். 'உதவி' என்று ஒருவர் வாசலில் வந்து நிற்கும்போது, பனிமலையைப் பற்றி யார் சண்டை போடுவார்கள்?

இந்த வருஷம், பொட்டை எடுக்கச் சொல்லிவிட்டுக் காப்பியை ஊதிக் குடித்துக்கொண்டிருந்த இசக்கித்துரையின் முன்னால், செருப்பைக்கூடக் கழற்றாமல் வந்து நின்றாள் தேன்மொழி. கனகலட்சுமியின் ஒரே மகள். நர்ஸிங் கல்லூரியில் சேர்ந்து ஒரு மாதம் ஆகிறது. கையில் கசங்கிய நோட்டீஸ்.

"எம்மா, சலுகை கிடையாதாம்."

"என்னட்டி சொல்லுத? பட்டாளத்துக்காரவ பிள்ளையளுக்குப் பாதி ஃபீஸுன்னு சொன்னாவள்லா?"

"வேற எங்கயும் உதவி வாங்காதவங்களுக்குத்தானாம். 'உனக்குத்தான் ட்ரஸ்ட்டே முழு ஃபீஸும் கட்டுதே'ன்னு ஆபீஸ்ல இத எடுத்துக் காட்டுதாவ. பத்தாயிரம் நோட்டீஸ் அடிச்சு ஊரு பூரா குடுத்திருக்காவல்லா, அவங்க கைக்கும் போயிருக்கு." அவள் நோட்டீஸை நீட்டி வாசித்தாள். "'வீரரின் மகள் செல்வி தேன்மொழியின் முழுப் படிப்புச் செலவையும் எங்கள் அறக்கட்டளை ஏற்றுள்ளது.' எப்ப ஏத்தீங்க மாமா? எனக்கே இன்னைக்குத்தான் தெரியும்."

இசக்கித்துரை தம்ளரைக் கீழே வைத்தார். "மக்கா, அது ஒரு வாசகத்துக்காகப் போடுறது. டோனருக மனசு இளகணும்லா?"

 வருஷத்துக்கு எழுபத்தைந்தாயிரம் ரூபாய் ஃபீஸ். பாதி கட்டினால் போதும் என்று நம்பித்தான் கனகலட்சுமி சேர்த்தாள். வெள்ளிக்கிழமைக்குள் கட்டவில்லையென்றால் இடம் போய்விடும்.

"அண்ணாச்சி, அந்த ஃபீஸ நீங்க கட்டிருங்களேன்" என்றாள்.

"கட்டலாம். ஆனா நிதி எங்க இருக்கு?"

"வசூல் ஆகுதுல்லா? பஜார்ல கடை கடைக்கு உண்டியல் வச்சிருக்கீய. உண்டியல்ல எங்க வீட்டுக்காரவ படந்தான் ஒட்டியிருக்கு."

இசக்கித்துரை பெருமூச்சு விட்டார். நன்கொடை என்பது வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்குத்தான் பணம். உள்ளேயிருந்து பார்த்தால் அது வெறும் செலவு. அதை அவளுக்குப் பொறுமையாக எடுத்துச் சொன்னார்.

"நூறு ரூவா வருதுன்னு வையுங்க. மண்டப வாடகை, பந்தி, பிளக்ஸு, நோட்டீஸு, வீடியோ, ட்ரோனு. சிறப்பு விருந்தினரா வார கர்னல் ஐயாவுக்கு ஏசி டிக்கெட், ரூமு. டோனருக அத்தன பேருக்கும் சால்வ, கேடயம். அதுலயே தொண்ணூறு போயிரும். மிச்சம் பத்து ரூவா கார் டீசலுக்கே காணாது."

"அப்ப எங்களுக்கு?"

"உங்களுக்காகத்தானம்மா இந்த விழாவே!" என்றார், கண் கலங்க.

தேன்மொழி விடவில்லை. "சரி மாமா. ஃபீஸ் கட்ட வேண்டாம். கட்டலன்னு ரெண்டு வரி எழுதிக் குடுங்க. சலுகையாவது கிடைக்கும்."

"அப்படி எழுதிக் குடுத்தா டோனருக என்ன நினைப்பாவ, மக்கா? நம்ம ட்ரஸ்ட்டு பேரு என்ன ஆகும்?"

கட்டவும் முடியாது, கட்டவில்லை என்று சொல்லவும் முடியாது. எழுந்து வேட்டியை உதறிக்கொண்ட இசக்கித்துரைக்கு வாசல்படியில் வைத்து ஒரு யோசனை உதித்தது. திரும்பிச் சிரித்தார்.

"ஒண்ணு செய்யுதேன். நாளைக்கு மேடையில வச்சு, கர்னல் கையால உங்களுக்கு எழுபத்தஞ்சாயிரத்துக்குச் செக் தரச் சொல்லுதேன். போதுமா? ஆனா சொன்னதெல்லாம் ஞாபகம் இருக்கட்டும். பொட்டு."

அவர் போனதும் தேன்மொழி, "நீ போகாதம்மா" என்றாள்.

"எழுபத்தஞ்சாயிரம்ட்டி" என்றாள் கனகலட்சுமி. "அவுக செத்த அன்னைக்குத் தெருவே கூடி நின்னு அழிச்ச பொட்டுதான. இன்னொரு நாளு அழிச்சா என்ன?"

மறுநாள் புதன்கிழமை. முகூர்த்தம் இல்லாத நாள், மண்டப வாடகை பாதிதான். ரசீதில் அது முழுசாக இருக்கும் என்பது வேறு விஷயம். வாசலில் மாரிக்கண்ணன் பதினைந்தடி உயரத்தில் பனிமலைக்கு நடுவே நின்றான். அவன் பக்கத்திலேயே இருபதடியில் இசக்கித்துரை நின்றார்.

முன்வரிசையில் சோபா. அதில் டோனர்கள். இரண்டாவது வரிசையில் அவர்கள் மனைவிமார், பட்டுச்சேலை சரசரக்க. வீரர் குடும்பத்தினருக்குச் சமையல்கட்டு வாசலையொட்டிப் பத்து பிளாஸ்டிக் நாற்காலி. எப்போதும்போல் அதில் கனகலட்சுமி ஒருத்திதான், வெளுப்புச் சேலையில், பொட்டில்லாமல். ஊருக்கு ஒரு விழா, விழாவுக்கு ஒரு குடும்பம் என்று இசக்கித்துரை திட்டமிட்டிருந்தார்.

குத்துவிளக்கு ஏற்ற நேரம் வந்தது. "மறைந்த மாவீரரின் நினைவாக இத்திருவிளக்கை ஏற்றிவைக்க..." என்று மைக்கில் சொல்லச் சொல்லக் கனகலட்சுமி எழுந்தாள். அவளுடைய புருஷன் நினைவு அல்லவா? மேடைப் படியில் கால் வைப்பதற்குள் முத்துமணி ஓடிவந்து முழங்கையைப் பிடித்தாள்.

"கனகு, நீ செத்த நேரம் அந்தத் தூணுக்குப் பின்னால நில்லும்மா. மங்கலமான காரியம். விளக்கேத்தி முடிஞ்சதும் நானே கூப்பிடுதேன். தப்பா நினைச்சுக்காத."

கனகலட்சுமி தூணுக்குப் பின்னால் நின்றாள். மாரிக்கண்ணன் நினைவாக ஐந்து சுமங்கலிகள் ஐந்து முகம் ஏற்றினார்கள். ஐந்தாவது முகத்தை முத்துமணி ஏற்றினாள். கனகலட்சுமியின் தாலி இல்லாத கழுத்தைக் காட்டித்தான் அந்த மண்டபம், அந்த விளக்கு, அதற்கு ஊற்றிய எண்ணெய் எல்லாமே வந்தன. வசூலுக்கு ஆகும் கழுத்து விளக்குக்கு ஆகாது. இதில் யாருக்கும் ஒரு முரணும் தெரியவில்லை. அவளுக்கே போன வருஷம் வரை தெரியவில்லை. இன்றைக்குத்தான் தூண் ஓரத்தில் நிற்கும்போது சுரீரென்றது.

கர்னல் நல்ல மனுஷன். எழுபது வயதிருக்கும். சட்டையில் மெடல் குத்தி விறைப்பாக உட்கார்ந்திருந்தார். அவள் மேடைக்கு வந்ததும் எழுந்து சல்யூட் அடித்தார். மைக்கைக் கையில் பிடித்தபடியே அன்பாகக் கேட்டார்.

"உங்க ஹஸ்பண்ட் எந்த செக்டர்லம்மா இறந்தார்?"

"ராஜபாளையம் ரோடு சார்" என்றாள் கனகலட்சுமி.

முன்வரிசையில் ஒருவர் இருமினார். இசக்கித்துரை பாய்ந்து மைக்கை வாங்கி, "துக்கம் அவங்க தொண்டையை அடைக்கிறது" என்று சபைக்கு விளக்கினார். கர்னல் பனிமலைப் படத்தை ஒரு தடவை பார்த்தார். பிறகு தன் ஷூவைப் பார்த்தார். அதற்கப்புறம் அவர் ஷூவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

செக் வந்தது. இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நாலடி நீளம், இரண்டடி உயரம், வழுவழுப்பான அட்டை. 'ரூபாய் எழுபத்தைந்தாயிரம் மட்டும்'. ட்ரோன் தலைக்கு மேலே ரீங்கரிக்க, கர்னல் ஒரு முனையையும் கனகலட்சுமி மறு முனையையும் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கைதட்டல் அடங்க இரண்டு நிமிஷம் ஆயிற்று.

கீழே இறங்கியதும் அவள் முத்துமணியிடம் மெதுவாகக் கேட்டாள். "அக்கா, அந்தச் சின்னச் செக்கு?"

"எந்தச் சின்னச் செக்கு?"

"பேங்குல போடுறது."

முத்துமணி அவளைப் பச்சைப்பிள்ளையைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். "அதெல்லாம் ட்ரஸ்ட் கூட்டம் போட்டு, தீர்மானம் எழுதி, பொறவு பாப்பாவ. நீ அட்டையக் குடுத்துட்டுப் பிரியாணி வாங்கிட்டுப் போ. அடுத்த ஞாயித்துக்கிழம சிவகிரியில விழா இருக்கு, அட்ட வேணும்."

"கூட்டம் எப்பம்க்கா?"

"தை பொறக்கட்டும்."

வெள்ளிக்கிழமைக்கும் தை மாதத்துக்கும் நடுவில் ஐந்து மாதம் இருந்தது. முத்துமணி கையை நீட்டினாள். கனகலட்சுமி அட்டையைக் கொடுக்கவில்லை. அதை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, பந்தி வரிசையைத் தாண்டி, இருபதடி இசக்கித்துரையைத் தாண்டி ரோட்டுக்கு வந்துவிட்டாள். அதை அவள் திட்டம் போட்டுச் செய்யவில்லை. கால் போயிற்று, பின்னாலேயே அவளும் போனாள்.

டவுன் பஸ்ஸில் ஏறுவதற்குள் அட்டை இரண்டு பேர் முகத்தில் இடித்தது. கண்டக்டர் அதை மேலும் கீழும் வாசித்துப் பார்த்தார்.

"எக்கா, பொம்பளையளுக்குத்தான் ஃப்ரீ. அட்டைக்கு லக்கேஜ் எடுக்கணும்."

"எவ்வளவு?"

"பத்து ரூவா."

அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்தாள். பஸ் முழுக்கச் சிரித்தது. "எழுபத்தஞ்சாயிரத்தக் கையில வச்சுக்கிட்டுப் பத்து ரூவாய்க்கு முடிச்ச அவுக்குதாவ பாரு" என்றாள் ஒருத்தி. யாரோ ஒரு பையன் செல்போனில் படம் எடுத்தான். கனகலட்சுமியும் சிரித்தாள். அவள் சிரித்து எத்தனை நாளாயிற்று என்பது அவளுக்கே நினைவில்லை.

நர்ஸிங் கல்லூரி அலுவலகத்தில் கட்டணம் கட்ட வந்த பெற்றோர் பத்துப் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அலுவலக மேலாளர் முகம்மது ஹுசைன், கடையநல்லூர்க்காரர். தேன்மொழிக்குச் சலுகை கிடையாது என்று சொன்னவர் அவர்தான். கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். மேஜையில் வைக்க இடமில்லாததால் கனகலட்சுமி அட்டையைச் சுவரில் சாய்த்து வைத்தாள்.

"ஃபீஸ் கொண்டாந்திருக்கேன் சார்."

"என்னம்மா இது? இது செல்லாதே! இதுல ஒரு சீல் கிடையாது, நம்பர் கிடையாது. வெறும் அட்டைல்லா?"

"அந்த நோட்டீஸும் வெறுங் காயிதந்தான சார். அதுலயும் சீல் கிடையாது, நம்பர் கிடையாது. அது மட்டும் உங்ககிட்ட செல்லுச்சே?"

ஹுசைன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். கடுமையான ஆள் இல்லை அவர். காகிதத்தை நம்பிப் பழகிய ஆள். எழுந்து வந்து அட்டையின் முன் குனிந்தார். முப்பது வருஷமாகச் சான்றிதழ்களைத் தடவித் தடவிப் போலி கண்டுபிடித்த விரல், பெயர் எழுதிய இடத்தில் நின்றது.

"இங்கன கொஞ்சம் மேடா இருக்கே."

நகத்தால் ஓரத்தை நெம்பினார். 'திருமதி கனகலட்சுமி, சங்கரன்கோவில்' என்ற ஸ்டிக்கர் உரிந்து வந்தது. அதன் அடியில் 'திருமதி பேச்சி, இளையரசனேந்தல்'. அதையும் உரித்தார். 'திருமதி முப்பிடாதியம்மாள், திருவேங்கடம்'. அதற்கும் கீழே இன்னொருத்தி. தொகை மட்டும் அட்டையோடு அச்சடித்தது. அது மாறவேயில்லை. ஒரே எழுபத்தைந்தாயிரம் தாலுகா தாலுகாவாக, விதவை விதவையாகப் போய்விட்டு, ஒரு ரூபாய்கூடக் குறையாமல் இசக்கித்துரை வீட்டுக்குத் திரும்பி வந்திருக்கிறது.

"யா அல்லாஹ்" என்றார் ஹுசைன் மெல்ல. நாற்காலியில் இருந்தவர்களும் எழுந்து வந்து பார்த்தார்கள்.

கனகலட்சுமிக்குக் கோபம் வரவில்லை. வேறு என்னவோ வந்தது. இத்தனை நாள் மேடையில் தான் ஒருத்திதான் நிற்பதாக நினைத்திருந்தாள்.

அந்த நேரத்தில் வாசலில் கார் வந்து நின்றது. பஸ்ஸில் எடுத்த படம் கைமாறி இசக்கித்துரையின் செல்போனுக்கும் வந்து சேர்ந்திருந்தது; அந்தப் பஸ் எங்கே போகும் என்று அவருக்குத் தெரியும். மூச்சு வாங்க உள்ளே வந்தவர், உரித்துக் கிடந்த ஸ்டிக்கர்களையும் சுற்றி நின்ற ஆட்களையும் பார்த்துவிட்டுச் சிரிக்க முயன்றார்.

"நல்ல சமயத்துல வந்தீங்க சார். உக்காருங்க" என்றார் ஹுசைன். நோட்டீஸை எடுத்து மேஜையில் விரித்தார். "முழுப் படிப்புச் செலவும் ஏத்துக்கிட்டதா இதுல போட்டிருக்கீங்க. நாலு வருசம், மூணு லட்சம். செக்கா, ஜிபே-யா? செக்குன்னா சின்னதா இருக்கட்டும்."

யாரோ சிரித்தார்கள். இசக்கித்துரை கனகலட்சுமி பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். "எம்மா, இது நமக்குள்ள உள்ள விசயம். முப்பதாயிரம் இப்பமே கட்டிருதேன். அட்டையக் குடுங்க, போவோம்."

முப்பதாயிரம்.  வாங்கிவிடலாம். யாரும் தப்புச் சொல்ல மாட்டார்கள். தறிக்கூடத்தில் மூன்று மாதம் நின்றாலும் கிடைக்காத காசு.

"வேண்டாம் அண்ணாச்சி" என்றாள்.  அது எல்லோருக்கும் கேட்டது. "முப்பதாயிரம் வாங்குனா, அடுத்த நோட்டீஸுல எம்மகளுக்கு வெள்ளக் கோட்டு மாட்டி நிப்பாட்டிருவீய. அவளுக்குப் பின்னால எந்த மலைய வைப்பீயளோ! எனக்கு ஒண்ணும் கட்டலன்னு ரெண்டு வரி எழுதிக் குடுங்க. அது போதும்."

"அது எப்படிம்மா..."

"இல்லன்னா மூணு லட்சத்தக் கட்டுங்க."

இசக்கித்துரை மனைத் தரகர். விலை தெரிந்தவர். ஒரு பக்கம் மூன்று லட்சம், மறுபக்கம் இரண்டு வரி. எது மலிவு என்று கணக்குப் போட அவருக்கு அதிக நேரம் ஆகவில்லை. காரிலிருந்து லெட்டர்பேடை எடுத்து வந்தார். 'மேற்படி மாணவிக்கோ அவரது தாயாருக்கோ எங்கள் அறக்கட்டளை எவ்விதக் கல்வி உதவியும் அளிக்கவில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஹுசைன் கேட்டதால் வட்ட சீலும் குத்தினார். அந்த லெட்டர்பேடில் எழுதப்பட்ட முதல் உண்மை அது.

"அட்டைய எடுத்துக்கோங்க அண்ணாச்சி" என்றாள் கனகலட்சுமி. "சிவகிரிக்கு வேணும்லா."

எடுக்காமல் விட்டுப்போக அவருக்குத் தைரியம் இல்லை. தூக்கிக்கொண்டு போனார். அது கார் கதவுக்குள் நுழையவில்லை. டிக்கியைத் திறந்தபடியே, பின்னால் எழுபத்தைந்தாயிரம் ஆடிக்கொண்டு வர, மெதுவாக ஓட்டிப் போனார்.

சலுகை கிடைத்தது. பாதிக் கட்டணத்தை இரண்டு தவணையில் கட்டச் சொல்லி ஹுசைன் எழுதிக் கொடுத்தார். முதல் தவணைக்குத் தறிக்கூடத்து முதலாளியிடம் அவள் முன்பணம் கேட்டு வாங்கினாள். இசக்கித்துரை எழுதிக் கொடுத்த கடிதத்தை மட்டும் ஐந்து பிரதி எடுத்து வைத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை அரைநாள் வேலை முடித்துவிட்டு இளையரசனேந்தல் பஸ் ஏறினாள். கரிசல் காடு மழைக்குக் காத்து வெடித்துக் கிடந்தது. மூன்று பேரிடம் கேட்டுத்தான் வீட்டைக் கண்டுபிடிக்க முடிந்தது. பேச்சி நூறு நாள் வேலைக்குப் போய்விட்டு அப்போதுதான் திரும்பியிருந்தாள். ஐம்பது வயதிருக்கும். மண்வெட்டி இன்னும் தோளில் இருந்தது.

"ட்ரஸ்ட்டுலேருந்தா வாரீய?" என்று பேச்சியே முந்திக்கொண்டு கேட்டாள். "என்னைக்கு விழா? எந்தச் சேல கட்டணும்?"

"விழா ஒண்ணுமில்லக்கா. நான் சங்கரன்கோவிலு. பேரு கனகலட்சுமி." கடிதத்தின் பிரதியை அவள் நீட்டினாள். "அந்தப் பெரிய செக்கு அட்டை இருக்குல்லா? அதுல உங்க பேருக்கு மேலதான் எம்பேர ஒட்டியிருந்தாவ."

பேச்சி கடிதத்தை வாங்கவில்லை.  தோளிலிருந்த மண்வெட்டியை இறக்கிச் சுவரில் சாய்த்தாள்.

"எம்பேருக்குக் கீழ யாரு இருந்தா?"